ஒண்ணும் பண்ணாத கிருமியும் கழுவாத தொட்டியும்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் குடிநீரைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு வாதம் தவறாமல் வந்து நிற்கிறது. படித்தவர்கள்தான் அதை அதிகம் சொல்கிறார்கள். “கிருமி இல்லாத தண்ணீர் எங்கே இருக்கிறது? சாக்கடை கலக்கவில்லை, ஈ.கோலை இல்லை, காலரா இல்லை. மிச்சம் இருப்பதெல்லாம் ஒண்ணும் பண்ணாத கிருமி. அதைப் பெரிதுபடுத்தினால் ஆர்.ஓ. கம்பெனிக்காரனுக்குத்தான் லாபம்.” தொட்டி கழுவுகிற பேச்சு அதோடு முடிந்துவிடும். அந்த ஆண்டு மட்டுமல்ல, அடுத்த ஆண்டும்.

இதை ஏளனம் செய்து தள்ளிவிட முடியாது. இதன் பின்னால் அறிவியல் இருக்கிறது. கட்டடங்களின் குழாயிலும் தொட்டியிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பான்மைக்கு மனிதக் குடலோடு சம்பந்தமே இல்லை. மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் போர்வெல்லிலிருந்தும் வந்து, தண்ணீரில் கரைந்திருக்கும் துளியளவு கரிமப் பொருளைத் தின்று பிழைப்பவை அவை. ஸ்பிங்கோமோனாஸ், மெத்திலோபாக்டீரியம், அசினிடோபாக்டர், சூடோமோனாஸ், காசநோய்க் கிருமிக்குத் தூரத்துச் சொந்தமான மைக்கோபாக்டீரியங்கள், இரும்பில் பிழைத்துத் துருநிறச் சேற்றை விட்டுவைக்கும் காலியோனெல்லா என்று பட்டியல் நீளம். 2002 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் ஜெனீவாவில் வல்லுநர்களைக் கூட்டி, இவற்றின் மொத்த எண்ணிக்கை கூடினால் தண்ணீர் குடிப்பவருக்கு நோய் வருமா என்று ஆராய்ந்தது. மலக்கலப்பு இல்லாதவரை, பொதுமக்களிடம் அப்படியொரு தொடர்புக்கு ஆதாரம் இல்லை என்பதுதான் அங்கே எட்டிய முடிவு. நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-ம் இந்த மொத்த எண்ணிக்கைக்கு உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. ஒரு கரண்டித் தயிரில் இருக்கும் பாக்டீரியா ஒரு குடம் தண்ணீரில் இருக்காது என்று அவர்கள் சொல்வதும் சரிதான்.

இவ்வளவும் சரி. இதிலிருந்து அவர்கள் போய்ச் சேரும் இடம்தான் தவறு. ‘குடித்தவுடன் வயிற்றுப்போக்கு வராது’ என்பதற்கு ஆதாரத்தைக் காட்டிவிட்டு, ‘தொட்டியை அப்படியே விட்டுவிடலாம்’ என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே எத்தனை பள்ளம் இருக்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. யாருக்கு ஒண்ணும் பண்ணாது?

ஜெனீவாவில் சொன்னது பொதுவான மக்கள்தொகையைப் பற்றி. அதே கூட்டம், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களையும் மருத்துவமனையில் கிடப்பவர்களையும் தனியே பிரித்து, அவர்கள் விஷயத்தில் இந்த நிம்மதி செல்லாது என்றும் சொன்னது. நம் ஊரில் மேற்கோள் காட்டுபவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சரி, புதுச்சேரியின் பொதுவான மக்கள் யார்? ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. நாடு முழுக்கப் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். புதுச்சேரியில் 26.3 சதவீதம். கோவா 26.4. 0.1 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் நாம் இரண்டாம் இடம். நாலு பேர் உட்கார்ந்து பேசினால் அதில் ஒருவர் சர்க்கரை நோயாளி. அவர்களில் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். பாகூர் வயலில் முள் குத்தினாலும் தெரியாது. வீட்டுக்கு வந்து தொட்டித் தண்ணீரில்தான் புண்ணைக் கழுவுவார்கள். சர்க்கரை நோயாளியின் கால் புண்களிலிருந்து எடுக்கும் மாதிரிகளில் சூடோமோனாஸ் எருஜினோசா அடிக்கடி தட்டுப்படுவதை இந்திய மருத்துவமனைகளின் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. அத்தனையும் தண்ணீரிலிருந்து வந்தவை என்று நான் சொல்லவில்லை. மண்ணிலும் உண்டு, ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் உண்டு. ஆனால் ஈரமும் வழவழப்பும் உள்ள தொட்டி அந்தக் கிருமிக்குப் பிடித்த வீடு என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

சர்க்கரை நோயாளிகளோடு முதியவர்களைச் சேருங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு எடுப்பவர்கள், புற்றுநோய்க்கு ஜிப்மருக்குப் போய்வருபவர்கள், பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைகள் எல்லாரையும் சேருங்கள். ‘ஆரோக்கியமான சாதாரண ஆள்’ என்று எஞ்சுபவர் ஊரில் எத்தனை பேர்? ஒரு கிருமி சாதுவா இல்லையா என்பதைக் கிருமியை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பாதிப் பதில் நம் உடம்பில் இருக்கிறது. அந்த உடம்பின் கணக்கைப் பார்க்காமல் நற்சான்று கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

2. குடித்தால்தான் வருமா?

‘குடித்தால் ஒன்றும் ஆகாது’ என்பவர்கள், தண்ணீர் உடம்புக்குள் போக வாய் ஒன்றுதான் வழி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்தக் கிருமிகளில் பலவற்றுக்கு வாய் ஆகவே ஆகாத பாதை. வயிற்று அமிலத்தைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் செத்துவிடும். அவை நுழைவது காது, கண், மூக்கு, புண், ஊசி போட்ட இடம், மூச்சுக்குழல் வழியாக. குளித்துவிட்டுக் காது குடைகிற பையனுக்கு வரும் காதுச் சீழ், கான்டாக்ட் லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் அலசும் கல்லூரி மாணவிக்கு வரும் கருவிழிப் புண், நெபுலைசரைத் தொட்டித் தண்ணீரில் கழுவிவைக்கும் வீட்டில் வரும் நெஞ்சுச் சளி. எதையும் யாரும் ‘தண்ணீரால் வந்த நோய்’ என்று எழுதிவைப்பதில்லை. எழுதாததால் அப்படி ஒன்று இல்லை என்று ஆகிவிடுகிறது.

லேப்ராஸ்கோபி எனும் துளை வழி அறுவைச் சிகிச்சையில் நம் நாட்டு மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சங்கடம் உண்டு. ஆபரேஷன் நல்லபடியாக முடியும். தையல் பிரித்து, நோயாளி வீட்டுக்கும் போய்விடுவார். மூன்று நான்கு வாரம் கழித்துத் துளை போட்ட இடத்தில் ஒரு முடிச்சு தடிக்கும். பிறகு உடைந்து நீர் கசியும். வழக்கமான ஆன்டிபயாடிக் எதுவும் கேட்காது. சிலருக்கு இது காசநோய் என்று தவறாக முடிவாகி, மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை ஓடும், அதற்கும் கேட்காது. கடைசியில் அகப்படுவது மைக்கோபாக்டீரியம் செலோனே, ஃபார்ச்சுயிட்டம், அப்செசஸ் போன்ற ‘சாதாரண’ வகைகள். கருவியைக் கிருமிநாசினியில் ஊறவைத்த பிறகு அலசுகிற தண்ணீர், இதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கவில்லை. குடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதுதான் விஷயமே.

3. புட்டி கறுக்காவிட்டால் சுத்தமா?

ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமப்புற வீடுகள் அனைத்துக்கும் குழாய் இணைப்பு கொடுத்துவிட்டதாகப் புதுச்சேரி 2021இலேயே அறிவித்தது. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. கூடவே ஊருக்குச் சிலருக்குச் சோதனைப் பெட்டியும் பயிற்சியும் வந்தன. அந்தப் பெட்டியில் இருக்கும் சின்னப் புட்டியில் தண்ணீரை ஊற்றி ஜன்னலோரம் வைக்க வேண்டும். ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் கெட்ட தண்ணீர், கறுக்காவிட்டால் நல்ல தண்ணீர். குவாலியர் பாதுகாப்பு ஆய்வகத்தைச் சேர்ந்த மாஞ்சாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1982இல் வெளியிட்ட அருமையான, மலிவான முறை அது. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளியிடும் பாக்டீரியா இருந்தால் கறுக்கும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஈ.கோலை பொதுவாக அந்த வாயுவை வெளியிடுவதில்லை. மலத்தோடு சேர்ந்து வரும் சிட்ரோபாக்டர் போன்ற மற்றவைதான் புட்டியைக் கறுக்க வைக்கின்றன. ஆக, நம் கிராமத்துக் கையில் இருக்கும் ஒரே கிருமிப் பரிசோதனையும் பெரிய அளவில் தீங்கு செய்யாத கிருமிகளின் சாட்சியத்தை நம்பித்தான் நடக்கிறது. ‘அதுகளால் ஒன்றும் இல்லை, பொருட்படுத்தாதே’ என்பவர், தான் ஆதாரமாகக் காட்டும் புட்டியையே பொருட்படுத்தக் கூடாது. ஐ.எஸ். 10500-ம் ஈ.கோலையோடு நிற்கவில்லை, 100 மில்லிலிட்டரில் மொத்தக் கோலிஃபார்ம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது. கோலிஃபார்ம்களில் பெரும்பாலானவை நோய் தராதவை என்று தெரிந்தேதான் அந்த விதியை எழுதினார்கள். அவை இருந்தால் காவல் எங்கோ தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

மறுபக்கம், சூடோமோனாஸ் புட்டியைக் கறுக்கச் செய்யாது. மைக்கோபாக்டீரியமும் செய்யாது. அசினிடோபாக்டரும் செய்யாது. கறுக்காத புட்டி சொல்வது ஒன்றே ஒன்று: அநேகமாக மலம் கலக்கவில்லை. அதற்கு மேல் அதன் வாயில் சொற்களைத் திணிப்பது நாம்.

பலர் பையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அது உப்பைத்தான் காட்டும். கிருமியை அதற்குத் தெரியாது. கடலோரப் பக்கம் உப்பேறிய நிலத்தடி நீரைப் பார்த்துப் பயந்தவர்களுக்கு அந்த மீட்டர் மேல் ஒரு பக்தியே வந்துவிட்டது. எண் குறைந்தால் நல்ல தண்ணீர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

4. சாதுக்கள் கட்டிவைக்கும் வீட்டில் யார் குடியேறுகிறார்கள்?

எல்லாவற்றையும்விட முக்கியமான மறுப்பு இதுதான். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மொட்டைமாடிக்கு ஏறி, கறுப்புச் சின்டெக்ஸின் மூடியைத் திறந்து, தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே உட்சுவரில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று வரும். வெளிச்சத்தில் பிடித்தால் இளமஞ்சளாகவோ துருநிறமாகவோ இருக்கும். வெளியேறும் குழாய் அடித்தளத்திலிருந்து சில அங்குலம் மேலே இருப்பதால் அதற்குக் கீழே ஒரு படுகை தங்கியிருக்கும்; மோட்டார் போட்டதும் கலங்கி எழும், அணைத்ததும் படியும். குளியலறைக்கு வந்தால் வாளியின் விளிம்பிலும் ஷவரின் துளைகளிலும் இளஞ்சிவப்புப் படலம். அது பெரும்பாலும் செராஷியா அல்லது மெத்திலோபாக்டீரியம். பினாயில் போட்டுத் தேய்த்தால் போகும், பத்து நாளில் திரும்ப வரும்.

அந்தப் படலத்தில் இருக்கும் கிருமிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தீங்கற்றவை என்றே வைத்துக்கொள்வோம். அவை சும்மா இருப்பதில்லை. பசைபோன்ற ஒரு கூட்டைக் கட்டுகின்றன. அந்தப் பசை குளோரினை வழிமறித்துத் தின்றுவிடுகிறது. உள்ளே ஒடுங்கியிருப்பவரை எட்டுவதற்குள் மருந்து தீர்ந்துபோகும். ஐ.எஸ். 10500 குழாயில் எஞ்சியிருக்க வேண்டிய குளோரின் என்று சொல்வது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்தான். தண்ணீரில் கரைந்த இரும்பு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தால் அதுவே சுமார் 0.6 மில்லிகிராம் குளோரினை விழுங்கிவிடும். நிலத்தடி நீரை மட்டுமே நம்பியிருக்கும் நம் பகுதியில், இரும்பு கலந்து வரும் போர்வெல்லாக இருந்தால் குழாயில் 0.2 மிஞ்சுவது எப்படி? ஊர்த் தொட்டியில் போட்ட பிளீச்சிங் பவுடர் வீட்டுத் தொட்டிக்கு வரும்போது பேருக்குத்தான் இருக்கிறது. சித்திரை வெயிலில் அந்தக் கறுப்புத் தொட்டி சுடுகிறதே, அந்தச் சூட்டில் மிச்சமும் போய்விடும்.

அடுத்து வருவது அமீபா. தண்ணீரில் திரியும் அமீபாக்களுக்கு இந்தப் படலம்தான் மேய்ச்சல் நிலம். பாக்டீரியாவைத் தின்றுதான் அவை பெருகுகின்றன. தின்ற பாக்டீரியாக்களில் சில சாவதில்லை. லீஜியோனெல்லாவும் சில மைக்கோபாக்டீரியங்களும் அமீபாவுக்குள்ளேயே தங்கி, பெருகி, குளோரினுக்குத் தப்பி, பிறகு வெளியே வருகின்றன. அமீபாவே நேரடியாகக் கொல்வதும் உண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த நம் மாஹேயைச் சுற்றியிருக்கும் கேரளத்தில் 2025இல் அமீபா மூளைக்காய்ச்சல் தொடர்ந்து வந்ததும், ஆகஸ்டு கடைசியில் அந்த அரசு கிணறுகளுக்குக் குளோரின் போடவும் நீர்த்தொட்டிகளைக் கழுவவும் ஓர் இயக்கமே நடத்தியது. மூக்கு வழியே ஏறும் நோய் அது, குடித்து வருவதல்ல. குளத்தில் குளிக்காதே என்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. தொட்டியைக் கழுவு என்றார்கள். அமீபாவின் சோறு எங்கே இருக்கிறது என்று தெரிந்ததால் சொன்னார்கள்.

5. கடன் கொடுப்பவன் குற்றவாளி இல்லையா?

2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்த ஆய்வு ஒன்று, என்.டி.எம்.-1 என்ற மரபணுவைப் பற்றி உலகத்தை எச்சரித்தது. கடைசி ஆயுதமாக வைத்திருந்த ஆன்டிபயாடிக்குகளையும் செயலிழக்கச் செய்யும் மரபணு அது. மறு ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு, புதுதில்லியில் எடுத்த 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய 171 நீர் மாதிரிகளில் 51இலும் அந்த மரபணுவைக் கண்டது. அதைச் சுமந்திருந்தவற்றில் அதுவரை இந்த விஷயத்தில் பெயரே அடிபடாத வகைகளும் இருந்தன. தில்லிப் பெயரை அந்த மரபணுவுக்கு வைத்துவிட்டார்கள் என்று அன்றைக்கு நாடே கொதித்தது. தண்ணீரைப் பற்றிக் கொதித்தவர்கள் குறைவு.

நோய் தராத பாக்டீரியாவும் ஒரு மரபணுவை வாங்கிவைத்திருந்து, பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் நோய் தரும் பாக்டீரியாவுக்குக் கைமாற்ற முடியும். படலத்துக்குள் நெருக்கியடித்து வாழும்போது அந்தக் கைமாற்று சுலபம். பாகூர்த் தொட்டிகளில் அது நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நடக்க ஏற்ற இடத்தை ஏன் பராமரிக்காமல் விட வேண்டும் என்று கேட்கிறேன்.

6. ‘காலங்காலமாகக் குடிக்கிறோம்’ என்பது எந்தக் காலம்?

இந்தப் பேச்சு கேட்கச் சுகமாக இருக்கும். பாகூர்க்காரருக்குத் தண்ணீர்ப் பெருமை உண்டு. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் வந்து ஏரி நிரம்பிய பெருமை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பூமியைத் துளைத்தால் தானே பீறிட்டு வந்த ஆர்ட்டீசியன் ஊற்றின் பெருமை. வில்லியனூர்ப் பக்கம் ஊசுடு ஏரியும் சங்கராபரணியும் உண்டு. எல்லாம் உண்மை. ஆனால் நம் பாட்டனார் குடித்தது அன்றன்று இறைத்த கிணற்று நீர். நிலத்துக்கடியில் குளிர்ந்து கிடந்த நீர். அதில் காலரா வந்து தெருத்தெருவாக ஆள் போன கதையும் சேர்ந்தேதான் இருக்கிறது, அது வேறு பேச்சு. இன்றைக்கு நாம் குடிப்பது குழாயில் வந்து, தரைக்கடி சம்ப்பில் தங்கி, மோட்டாரில் ஏறி, மாடியில் பிளாஸ்டிக் தொட்டியில் வெந்து, பி.வி.சி. குழாயில் இரவெல்லாம் அசையாமல் நின்ற தண்ணீர். காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடுவதால்தான் இத்தனை தொட்டிகள். இந்த ஏற்பாடு கிராமத்துக்கு வந்து ஒரு தலைமுறைகூட முழுதாக ஆகவில்லை. எந்தப் பரம்பரை இதில் பழகியது?

‘சாதுக் கிருமி’ என்ற பட்டியலும் அப்படித்தான், நிலையாக நின்றதில்லை. குளியலறையில் பார்த்தோமே, அந்தச் செராஷியாவை 1950 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படை சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் மேல் காற்றில் தெளித்துவிட்டது. கிருமிப் போர் ஒத்திகை. தீங்கற்றது, சிவப்பு நிறத்தால் எங்கே போய் விழுந்தது என்று கண்டுபிடிக்கவும் எளிது என்பதுதான் அதைத் தேர்ந்தெடுத்த காரணம். அதன் பிறகு அங்குள்ள ஒரு மருத்துவமனையில் 11 பேருக்குச் செராஷியா தொற்று வந்தது. ஒருவர் இறந்தார். தெளித்ததற்கும் இறந்ததற்கும் உள்ள தொடர்பை அவர் குடும்பத்தால் நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியவில்லை; அறிவியலாளர்களுக்குள்ளும் சந்தேகம் உண்டு. ஆனால் இன்று எந்த மருத்துவமனையிலாவது பச்சிளங்குழந்தைகள் பிரிவில் செராஷியா தென்பட்டால் அதைத் தீங்கற்றது என்று சொல்லிவிட்டுப் போகும் மருத்துவர் ஒருவரைக் காட்டுங்கள். 1976இல் பிலடெல்ஃபியா ஓட்டல் ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்கள் கொத்துக்கொத்தாக நிமோனியாவில் விழுந்தபோது, காரணமான பாக்டீரியாவுக்குப் பெயர்கூட இல்லை. அடுத்த ஜனவரியில்தான் அகப்பட்டது. கட்டடத் தண்ணீர் அமைப்புகளில் அதற்கு முன்பும் அது இருந்துகொண்டுதான் இருந்தது.

7. ஆர்.ஓ. கடைக்காரனுக்கு யார் லாபம் சேர்த்தது?

தொட்டித் தண்ணீரைப் பற்றி எச்சரித்தால் கேன் வியாபாரம் பெருகும் என்கிறார்கள். நடந்தது தலைகீழ். குழாய்த் தண்ணீரைப் பராமரிக்காமல் விட்டதால்தான் கேன் வீட்டுக்குள் வந்தது. அதிலும் ஒரு கோணல் இருக்கிறது. ஆர்.ஓ. இயந்திரத்தின் கார்பன் வடிகட்டி முதலில் செய்யும் வேலை குளோரினை நீக்குவது. சவ்வைக் கடந்து வரும் நீரில் காவலுக்கு ஒரு துளி மருந்துகூட இருக்காது. புற ஊதா விளக்கு, நீர் கடந்துபோகும் நொடியில் மட்டும் கொல்லும். கேனில் போன பிறகு அதற்கு வேலையில்லை. அந்த நீரைப் பலமுறை நிரப்பிய, உள்ளே கையே போகாத 20 லிட்டர் கேனில் அடைத்து வெயிலில் வைத்தால் என்ன ஆகும்? அதனால்தான் அடைத்து விற்கும் குடிநீருக்கான ஐ.எஸ். 14543, குழாய்த் தண்ணீர்த் தரம் சொல்லாத இரண்டைச் சொல்கிறது: மொத்தப் பாக்டீரியா எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கிறது, 250 மில்லிலிட்டரில் சூடோமோனாஸ் எருஜினோசா அறவே இருக்கக் கூடாது என்கிறது. ‘ஒண்ணும் பண்ணாத கிருமி’யை அரசின் ஒரு தரநிர்ணயமே கணக்கில் எடுத்திருக்கிறது என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

என்னுடைய வாதம் ஆர்.ஓ.வுக்கு ஆதரவானதல்ல. அது குளோரினுக்கும் துடைப்பத்துக்கும் ஆதரவானது. இரண்டும் மலிவு.

8. பிளீச்சிங் நாற்றத்துக்கு யார் பதில் சொல்வது?

“ஏம்பா, நேத்து தண்ணியில ஒரே பிளீச்சிங் நாத்தம். சோறே எறங்கல. கொஞ்சம் கொறச்சுப் போடுப்பா.”

“சரிக்கா, பாத்துப் போடுறேன்.”

பம்ப் ஆபரேட்டர் மேல் எனக்குக் கோபமில்லை. குளோரின் அதிகம் என்று நாலு பேர் திட்டுவார்கள்; குறைவு என்று இதுவரை ஒருவரும் திட்டியதில்லை. அவர் எந்தப் பக்கம் சாய்வார்? 1000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. நல்ல பவுடர் என்றால் மூன்றில் ஒரு பங்கு குளோரின் உள்ளது. மோட்டார் அறையில் வாய் திறந்து கிடக்கும் மூட்டை சில வாரத்தில் வெறும் சுண்ணாம்பாகிவிடும். அதில் எத்தனை கை அள்ளிப் போட்டாலும் தண்ணீர் கலங்கும், வேலை நடக்காது. சில நாள் நாற்றம், பல நாள் ஒன்றுமில்லை என்ற நிலை இப்படித்தான் வருகிறது. குளோரினால் உண்டாகும் துணைப்பொருள்களைப் பற்றிப் பயப்படுபவர்களுக்கும் உலக சுகாதார நிறுவனம் பதில் சொல்லியிருக்கிறது: கிருமிநீக்கத்தைக் கைவிடுவதால் வரும் ஆபத்தோடு ஒப்பிட்டால் அது மிகமிகச் சிறியது. காய்ச்சிக் குடியுங்கள் என்பது குடிநீருக்கு நல்ல யோசனை. குளிக்கிற, புண் கழுவுகிற தண்ணீரை யார் காய்ச்சுகிறார்கள்?

மிஞ்சுவது பொறுப்பு. ஊர்த் தொட்டி வரை பொதுப்பணித்துறை. வீட்டுக் குழாய்க்குப் பிறகு வீட்டுக்காரர். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, துணை சுகாதார நிலையம், கல்யாண மண்டபம் ஆகியவற்றின் மாடித் தொட்டிகள்? அங்கேதான் எல்லாரும் இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள். கேட்பதற்கு வார்டு உறுப்பினரும் இல்லை. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் முடிந்து பத்தாண்டுக்கும் மேலாகக் கொம்யூன் பஞ்சாயத்துகளில் அதிகாரிகள் ஆட்சிதான். ‘ஒண்ணும் பண்ணாத கிருமி’ என்ற வாதம் இந்த இடத்தில் எவ்வளவு வசதியாகப் பொருந்துகிறது பாருங்கள். தீங்கில்லை என்று ஆகிவிட்டால் கழுவ வேண்டியதில்லை. கழுவ வேண்டியதில்லை என்றால் யார் கழுவுவது என்ற கேள்வியும் இல்லை.

கேட்பது பெரிய காரியமல்ல. மே மாதம் முழுக்கப் பூட்டிக்கிடக்கும் பள்ளித் தொட்டிகளில் ஒரு மாதத் தண்ணீர் அப்படியே நிற்கிறது. ஜூனில் பிள்ளைகள் வருவதற்கு முந்தின வாரம் அதைக் கொட்டி, சுவரைத் தேய்த்து, குளோரின் போட்டு, எல்லாக் குழாயையும் திறந்து விட வேண்டும். அடுத்தது துணை சுகாதார நிலையங்கள். பிறகு குளோரின் அளவு: அதை ஊர்த் தொட்டியடியில் பார்த்துப் பயனில்லை, அங்கே எப்போதும் இருக்கும். சேலியமேட்டிலோ குருவிநத்தத்திலோ உறுவையாற்றிலோ தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் குளோரோஸ்கோப்பைப் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு சொட்டு மருந்து, ஒரு நிமிடம், மஞ்சள் நிறம் வருகிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரிந்துவிடும். வந்த அளவைத் தேதி போட்டு அங்கன்வாடி வாசலில் எழுதட்டும். 0.2 இல்லாத நாளில் இல்லை என்றே எழுதட்டும்.